சின்னம்மாவிடம் இருந்தது ஒரே போத்தல்

இதை எழுதுவதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்துக்குள் மூத்தவன் வேலைக்குப் போய், இளையவளும் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். அப்பா இருக்கும் வரை வாய் திறக்கக் கூடாது என்று இருந்தேன். அப்பா போன பிறகு அம்மாவின் முகத்துக்காக இருந்தேன். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, போனவர்களைப் பற்றி இனி என்னத்தை எழுதி என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். பேனையை எடுத்தால் கை கூசும். பிள்ளையாரே, நீயே பார்த்துக்கொள் என்று வைத்துவிடுவேன்.

போன திருவிழாவில் கோயில் மண்டபத்தின் பின்பக்கம் இருந்து அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு எதிரே இருந்த பெண் என்னைவிட வயது குறைந்தவள். நான் யாருடைய பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்கிறாள்: "அந்த நாளையில இங்க ஒருத்தி இருந்தவளாம். காலமை ஒரு சென்ட், பின்னேரம் ஆம்பிளைச் சென்ட். ஜேர்மன்காரன்ர காரில வந்து இறங்குவாளாம்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கையை வெட்டிக்கொள்வேன் என்று பயம். அவள் சொன்ன 'ஒருத்தி' என் சின்னம்மா. அம்மாவின் ஒரே தங்கச்சி.

என்னோடு அந்த நாளில் சின்னப்பிள்ளைகளாக இந்த ஜேர்மனிக்கு வந்து, இப்போது முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கும் சகோதரங்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் ஹவுப்ட்சூலே பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இல்லை, அதற்கு முருகன் சாட்சி.

கெல்சென்கிர்ச்சனில் எங்களுக்கு முதல் கிடைத்த வீடு இரண்டு அறையும் ஒரு குசினியும். அப்பா, அம்மா, நான், தம்பி, சின்னம்மா. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் எத்தனை மணம் இருந்தது என்று நினைத்தால் இப்பவும் மூக்குக்குள் வந்து நிற்கும். கரி அடுப்பின் புகை. ஈரக் கோட்டுகள் காயும் மணம். வெங்காயம் பொரித்தால் கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றுத் தடியால் தன் கூரையை இடிப்பாள், அது எங்கள் நிலம். அம்மா உடனே அடுப்பை அணைத்துப்போட்டு ஜன்னலைத் திறப்பா. நாங்கள் மணக்கிறவர்கள் என்று ஊர் முழுக்கச் சொன்ன காலம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்துவாள். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லாரும் அதைப் பட்டவர்கள்தானே. அப்படிப் பட்ட நாங்களே பிறகு செய்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

வெள்ளிக்கிழமைப் பூசை எங்கள் வீட்டில்தான் நடக்கும். கோயில் என்று ஒன்று அப்போது இல்லை. முன்னறையில் அலுமாரிக்கு மேல் பட்டுத்துணி விரித்துப் பிள்ளையாரும் முருகனும். பூசை செய்தவரை நாங்கள் பூசை மாமா என்போம். சொந்தமில்லை. அப்பாவுக்கு முன்னமே இங்கே வந்து, அப்பாவுக்கு ரயில் நிலையத்தில் கை கொடுத்துக் கூட்டி வந்தவர். அதனால் அவர் சொன்னதற்கு அப்பா மறுசொல் சொன்னதே இல்லை. அவருடைய மனைவியை மாமி என்போம்.

பூ வாங்குவது சுப்பர்மார்க்கெட்டில். கார்னேஷன், செவ்வந்தி. மணமே இல்லாத பூக்கள். ஆனாலும் பிள்ளைகள் நாங்கள் மூக்கருகே கொண்டு போனால் மாமி நடுவிரலை மடித்து உச்சியில் குட்டுவா. "மோந்த பூ சாமிக்கு ஆகாது. மூக்கை அறுத்துப்போடுவன்." இந்தப் பூவில் மோக்க என்ன இருக்கு என்று தம்பி ஒருநாள் கேட்டு இரண்டு குட்டு வாங்கினான்.

பூ கட்டுவது சின்னம்மா. தேவாரம் முதலான ஐந்து பாட்டு, பஞ்சபுராணம், படிப்பதும் சின்னம்மா. கண்ணை மூடிக்கொண்டு படிப்பார். அந்த நேரம் கீழ்வீட்டுக்காரிகூடத் தடியை எடுத்ததில்லை. ஸ்டுட்கார்ட்டில் இருந்த ஒரு பெடியனுக்குச் சின்னம்மாவைப் பேசி, கலியாண எழுத்துக்கு நாளும் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் படம் ஒன்று வந்திருந்தது. சின்னம்மா அதை எங்களுக்குக் காட்டமாட்டார், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

பகலில் சின்னம்மா தேவாலயத்து மண்டபத்தில் நடந்த ஜேர்மன் வகுப்புக்குப் போவார். வகுப்பு முடிய அங்கேயே குசினியில் கூடமாட நின்றுவிட்டுப் பின்னேரம் வருவார். நத்தார்ப் பண்டிகைக்கு முன் அந்த வகுப்பில் சீட்டு இழுத்து ஆளுக்காள் பரிசு கொடுத்தார்கள். சின்னம்மாவுக்கு விழுந்தது ஒரு சென்ட் போத்தல். உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரக் கண்ணாடி, மண்ணிற மூடி, தேயிலைச் சாயம் போல உள்ளே தண்ணி. அதற்கு முன் எங்கள் வீட்டில் வாசனைச் சாமான் என்றால் பவுடரும் சந்தனமும்தான்.

காலையில் வெளிக்கிடும்போது கோட்டுக் கழுத்தில் ஒரு துளி தொட்டுவிட்டு, என் சட்டைக் கைவிளிம்பிலும் ஒரு துளி வைத்துவிடுவார். "மூக்கைப் பொத்துறவளுக்கு இதைக் காட்டு," என்பார். அப்போது வரும் மணம், தோடம்பழத் தோலை நகத்தால் கிள்ளினால் முகத்தில் தெறிக்குமே, அது. பள்ளிக்கூட இடைவேளையில் கைவிளிம்பை மணந்து பார்ப்பேன். தோடம்பழம் போய்விட்டிருக்கும். மல்லிகை போல, ரோசாப்பூ போல ஏதோ ஒன்று. வீட்டுக்கு வந்து மணந்தால் அதுவும் இல்லை. அப்பாவின் பழைய தோல் சூட்கேசைத் திறந்த மாதிரி, மழையில் நனைந்த மரத்தின் பாசி மாதிரி, கொஞ்சம் சுருட்டுப் புகையும் சேர்ந்த மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை.

"சின்னம்மா, உங்கட சென்ட் பழுதாப் போச்சு. மணம் மாறுது."

சின்னம்மா சிரித்தார். "பழுதில்லையடி. உது அப்பிடித்தான். காலமை குமர், மத்தியானம் பிள்ளைத்தாய்ச்சி, பின்னேரம் கிழவி."

"இரவு?"

"இரவு செத்துப்போகும். நாளைக்குத் திரும்பப் பிறக்கும். போய்ப் படி."

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது. சின்னம்மாவுக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள்தான் தீர்ப்புச் சொன்னார்கள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் டிராமில் மாமியும் சின்னம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போயிருக்கிறார்கள். பின்னேரம் சின்னம்மா வந்து கோட்டைக் கொளுவிவிட்டுக் குளிக்கப் போனார், பூசைக்குப் பூக் கட்ட வேண்டும். மாமி வந்து தன் கோட்டைக் கொளுவப் போனவ நெடுநேரம் நடையிலேயே நின்றா. நான் எட்டிப் பார்த்தேன். சின்னம்மாவின் கோட்டுக் கழுத்து மாமியின் மூக்கில் இருந்தது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ," என்று கூப்பிட்டா.

பூசை மாமா கற்பூரத்தைத் தட்டில் வைத்துவிட்டு வந்தார். திருநீறு பூசிய நெற்றியோடு குனிந்து அவரும் மணந்தார். சாமிக்கு வைக்கிற பூவைப் பிள்ளை மோந்தால் குட்டுகிற மாமியின் கை, ஒரு குமர்ப்பிள்ளையின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தக் காட்சியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். எந்த ஆகமத்தில் இருக்கிறது இது? எந்தச் சாமி கேட்டது?

"காலமை டிராமில தோடம்பழ வாசம். நான் பக்கத்தில இருந்தனான். இப்ப பாருங்கோ, ஆம்பிளை மணம்," என்றா மாமி.

பூசை தொடங்கியது. பஞ்சபுராணம் படிக்கிற இடம் வந்ததும் சின்னம்மா கண்ணை மூடினார். பூசை மாமா திரும்பிப் பாராமல், "இண்டைக்கு வேற ஆராவது படிக்கட்டும்," என்றார். ஒருவருக்கும் பாட்டு முழுக்கத் தெரியாது. அப்பா நடுவில் மறந்து நின்று, பிறகு எல்லாரும் 'அரோகரா' என்று முடித்தார்கள். சின்னம்மாவின் வாய் பாதி திறந்தபடியே இருந்தது.

அவலும் கடலையும் கொடுத்த பிறகு பூசை மாமா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"பிள்ளை, உன்ர கோட்டில ஆற்ற மணம்?"

"என்ர சென்ட் மாமா. வகுப்பில தந்தது."

"காலமை வேற மணமாம்."

"அதுதான் இது. ஒரே போத்தல்தான். நேரம் போகப் போக மாறும்."

"வாசம் மாறுமோ?" அவர் சபையைப் பார்த்துச் சிரித்தார். "சந்தனம் மாறுதோ? நாற்பது வருசமா அரைக்கிறன். காலமையும் சந்தனம், பின்னேரமும் சந்தனம். எங்க, அந்தப் போத்தலைக் கொண்டு வா."

அம்மா எடுத்து வந்து கொடுத்தா. அவர் மூடியைத் திறந்து மணந்தார். பிறகு கோட்டை மணந்தார். போத்தலில் தோடம்பழம், கோட்டில் தோல். "நீங்களே சொல்லுங்கோ, ரெண்டும் ஒண்டோ?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். கற்பூரத் தட்டைச் சுற்றிக் கொடுப்போமே, அப்படி அந்தப் போத்தலும் கோட்டும் கை மாறிக் கை மாறி அறையைச் சுற்றி வந்தன. ஆளுக்காள் மோந்தார்கள். ஆளுக்காள் தலையை ஆட்டினார்கள். சின்னம்மா சுவரோடு நின்றார்.

நான் எழும்பிச் சொன்னேன்: "மாமா, அது மாறும். என்ர சட்டையிலயும் மாறினது."

"பொத்து வாயை," என்றா மாமி. "உனக்கும் பூசிப் பழக்கிப்போட்டாளோ?"

அப்பா என்னைக் கையில் பிடித்து அடுத்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் கேட்டது சின்னம்மாவின் குரல். அழவில்லை. ஒன்றையே சொன்னார். "ஒரே போத்தல்தான் அத்தான். ஒரே போத்தல்தான் அக்கா." பிறகு குசினியில் பைப் திறக்கும் சத்தம். அப்பா போத்தலைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கவிழ்த்தவுடன் வீடு முழுக்கத் தோடம்பழம். மூச்சு முட்டும் அளவுக்கு. வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கோட்டுகளைப் போட்டுப் போனார்கள். நாங்கள் சாப்பிடும்போது மல்லிகை. மணவறைக்குள் இருந்து சாப்பிடுவது போல் இருந்தது. அடுத்த நாள் காலை நான் எழும்பி வந்தபோது குசினியில் அதே தோல், அதே பாசி, அதே சுருட்டு. எந்த ஆம்பிளையும் அந்தத் தொட்டிக்குள் இரவு வந்து படுக்கவில்லையே! வீடே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணி பிடிக்கப் போனவ அப்படியே நின்றா. தொட்டியின் துவாரத்தில் விரலை வைத்து எடுத்து மணந்தா. திரும்பி, நடையில் தொங்கிய கோட்டைப் பார்த்தா. பிறகு வினாகிரிப் போத்தலை எடுத்துத் தொட்டிக்குள் ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தா. எனக்கு அப்போது விளங்கவில்லை, அம்மா துப்புரவு பார்க்கிறா என்று நினைத்தேன். இப்போது விளங்குகிறது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் தேய்த்தா. அம்மா, உங்களைக் கடவுள் மன்னிக்கட்டும். நான் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

ஸ்டுட்கார்ட்டுக்கு டெலிபோன் எடுத்தது பூசை மாமாதான். "தெரிஞ்சதைச் சொல்லாமல் விட்டால் பாவம் எனக்கு," என்றார் அப்பாவிடம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த படத்தைச் சின்னம்மாவே எடுத்துத் திருப்பி அனுப்பினார். வகுப்பை நிற்பாட்டினார்கள். அடுத்த வெள்ளி பூக் கட்ட மாமி வந்தா. கோட்டை அம்மா பழைய உடுப்புச் சேர்க்கிற பெட்டிக்குள் போட்டுவிட்டா. அந்தக் குளிரில் சின்னம்மா இரண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

பனி கரைந்த பிறகு ஒருநாள் ஒரு பையோடு ஆஹென் பட்டணத்துக்குப் போனார். வகுப்பு எடுத்த ஜேர்மன் மனுசி அங்கே ஒரு மருத்துவமனைக் குசினியில் இடம் பிடித்துக் கொடுத்தாவாம். "பார்த்தீங்களே, ஓடிட்டாள்," என்றா மாமி. ஓடியதும் சாட்சியாகிவிட்டது. சின்னம்மா கலியாணம் கட்டவில்லை. பென்ஷன் எடுக்கும் வரை அந்தக் குசினியில் வேலை செய்தார். எங்கள் எந்தப் பூசைக்கும் அவர் திரும்பி வரவில்லை.

என் மகள் இப்போது ஒரு வாசனைக் கடையில் அவுஸ்பில்டுங் செய்கிறாள். திருவிழா முடிந்த கிழமை, கடையிலிருந்து வெள்ளைக் கடதாசித் துண்டுகள் கொண்டு வந்தாள். ஒன்றில் சென்ட் விசிறி என்னிடம் தந்தாள்.

"அம்மா, இப்ப மணந்து பாருங்கோ. பிறகு சமைச்சு முடிச்சிட்டு மணந்து பாருங்கோ. எனக்குப் பிருஃபுங் சோதினை இருக்கு, இதைத்தான் கேப்பினம்."

முதலில் எலுமிச்சை போல் இருந்தது. கறி இறக்கிவிட்டு வந்து மணந்தால் பூ. கடதாசியைத் திருப்பித் திருப்பி மணந்தேன்.

"இது என்ன பிள்ளை, மாறுது?"

"மாறத்தான் வேணும். மூண்டு தட்டு இருக்கு. முதல் வாறது கொப்ஃப்நோட்டே, தலை. தோடம்பழம், எலுமிச்சை மாதிரி லேசான சாமான். கால் மணித்தியாலத்தில பறந்திடும். பிறகு நெஞ்சு, ஹேர்ட்ஸ்நோட்டே எண்டுறது, அது பூக்கள். கடைசியா அடி, பாசிஸ்நோட்டே. மரம், பாசி, தோல், பிசின். பாரமான சாமான், அது நாள் முழுக்க நிக்கும். கம்பளியில பட்டால் கிழமைக் கணக்கா நிக்கும்."

"எல்லாம் ஒரு போத்தலுக்குள்ளயோ?"

"ஒரு போத்தலுக்குள்ளதான். கடைக்கு வாற சனமும் போத்தலை மட்டும் மணந்திட்டு வாங்கிக்கொண்டு போய், அடுத்த நாள் வந்து 'வேற சாமானைத் தந்திட்டியள்' எண்டு சண்டை பிடிக்கும்."

"சந்தனம் மாறாதே?"

"சந்தனம் அடியில இருக்கிறது அம்மா. மாறுறதுக்கு அதுக்கு மேல ஒண்டும் இல்லை. ஏன் அழுறீங்கள்?"

நாற்பது வருடம் சந்தனம் அரைத்தவர் உலகம் முழுக்கச் சந்தனம் என்று நினைத்துவிட்டார். அதே கையால் ஒவ்வொரு வெள்ளியும் கற்பூரம் கொளுத்தினாரே, அது சாம்பல்கூட இல்லாமல் போவதைப் பார்த்தவர்தானே? அதை ஏன் அன்றைக்கு நினைக்கவில்லை?

அடுத்த நாளே மகளையும் கூட்டிக்கொண்டு பூசை மாமா வீட்டுக்குப் போனேன். மகனோடு இருக்கிறார். இன்றைக்கும் கோயிலில் முன்வரிசைக் கதிரை அவருக்குத்தான். மகள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். கடதாசித் துண்டை நீட்டினாள். அவர் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு இப்ப மூக்கு வேலை செய்யிறேல்லை பிள்ளை."

"மாமா, சின்னம்மா அண்டைக்குச் சொன்னது உண்மை," என்றேன்.

"இருக்கலாம், இருக்கலாம். அந்தக் காலத்தில எங்களுக்கு உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"சின்னம்மா சொன்னவ. நான் சொன்னனான்."

"நாங்கள் நல்லதுக்குத்தானே பிள்ளை செய்தது. அந்நிய நாடு. குமர்ப்பிள்ளை."

"அப்ப இதைக் கோயில்ல எல்லாருக்கும் முன்னால ஒருக்காச் சொல்லுங்கோ. இன்னும் கதைக்கினம்."

"எனக்கு எழும்பி நிக்க ஏலாது, முழங்கால்," என்றார்.

"இருந்துகொண்டு சொல்லலாம்," என்றாள் என் மகள்.

மாமி தேத்தண்ணியோடு வந்தவ, தட்டை வைத்துக்கொண்டே சொன்னா: "என்னவோ, அவள் அப்பவும் ஒரு மாதிரித்தான்."

நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு வீட்டில் கொடுத்ததைத் தொடாமல் எழும்பியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னமே ஆஹெனுக்கு டெலிபோன் எடுத்தேன். மூச்சு விடாமல் சொன்னேன். தலை, நெஞ்சு, அடி, கம்பளி, சந்தனம், பூசை மாமாவின் மூக்கு, எல்லாம்.

"முடிஞ்சுதோ?" என்றார் கடைசியில்.

"ஓம் சின்னம்மா. இனி ஆருக்கும் காட்டலாம். என்னட்டைக் கடதாசி இருக்கு."

"எனக்கு இது புதினமே? நான் அண்டைக்கே சொன்னனான். மூக்கு இருந்த எல்லாருக்கும் சொன்னனான்."

"இப்ப எண்டா நம்புவினம்."

"கடைக்காரி சொன்னால் நம்புவினம். நான் சொல்லி நம்பேல்லை." பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார். "சரி, ரெண்டு போத்தல் இருந்ததெண்டு வை. ஒண்டு எனக்கு ஆரோ ஒருத்தன் வாங்கித் தந்ததெண்டே வை. அப்ப அவை செய்தது சரியோடி?"

இரண்டு நாளாக நீதி கிடைத்துவிட்டது என்று அந்தக் கடதாசித் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரிந்தேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருக்காலும் வரவில்லை. எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. சின்னம்மா அதை எத்தனை காலமாகத் தனியாக வைத்திருந்தாரோ, சிவபெருமானுக்குத்தான் தெரியும்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சகோதரங்களே, பொய்க் கதையை நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். ஒவ்வொரு வாயிலும் அதற்குக் கை முளைத்தது, கால் முளைத்தது. இதையும் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இதற்கு அப்படி ஒன்றும் முளைக்க வேண்டாம். சின்னம்மாவைத் தெய்வமாக்காதீர்கள், பாவப்பட்டவராக்காதீர்கள். அம்மாவைக் காப்பாற்றாதீர்கள், அப்பா செய்ததை மூடாதீர்கள். போத்தல் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அதோடு நிற்பாட்டவும் வேண்டாம். கடைசியில் சின்னம்மா கேட்டதையும், அவர் கேட்ட அதே சொற்களில் கேளுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் எழும்பிப் போனால் போகட்டும். நீங்கள் அதை இளக்கிவிடாதீர்கள்.